பாறையேற்றத்திற்குரிய உயரமான ஓங்கல்கள்

பாறையேற்றத்திற்குரிய உயரமான ஓங்கல்கள் எனப்படுபவை, அடியிலிருந்து உச்சி வரை பல நூறு மீட்டர் செங்குத்தாக உயர்ந்து நிற்பனவும், கயிறு முதலிய காப்புக் கருவிகளின் துணையுடன் மனிதர் கையாலும் காலாலும் பற்றி ஏறக்கூடியனவுமான பாறை முகங்கள் ஆகும். ஓங்கல் என்பது நிலைக்குத்தாகவோ ஏறத்தாழ நிலைக்குத்தாகவோ அமைந்த பாறைச் சரிவைக் குறிக்கும் சொல். ஏறுவோர் வழக்கில் மிக உயரமான ஓங்கல்கள் பெருஞ்சுவர்கள் எனப்படுகின்றன. ஒரே பகலில் ஏறி முடிக்க இயலாமல் பாறையிலேயே இரவைக் கழிக்க வேண்டிய சுவரே பெருஞ்சுவர் என்பது பழைய வரைவிலக்கணம். இன்று சிலர் இத்தகைய சுவர்களைச் சில மணி நேரத்தில் ஏறிவிடுவதால் இவ்வரையறை ஓரளவு பொருளிழந்துவிட்டது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் எல் கேப்பிட்டன், கனடாவின் தோர் மலை, பாகிஸ்தானின் டிராங்கோ கோபுரங்கள், நோர்வேயின் துரோல் சுவர் ஆகியன இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டவை.

உயரத்தை அளத்தல்

உலகின் மிக உயரமான ஓங்கல் எது என்னும் கேள்விக்கு எல்லோரும் ஒப்பும் ஒரே விடை கிடையாது. எதனை ஓங்கல் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மலையுச்சியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது; ஓங்கலின் உயரமோ அதன் அடியிலிருந்து அளக்கப்படுவது. எல் கேப்பிட்டனின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,308 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனால் ஏறுபவருக்குப் பொருட்படுவது அடியிலிருந்து உச்சி வரையுள்ள ஏறத்தாழ 900 மீட்டர் மட்டுமே. இதுவும் சிறிய அளவன்று. துபாயில் உள்ள புர்ஜ் கலீபா கட்டடத்தின் உயரம் 828 மீட்டர்.

இமயமலையின் நங்க பர்வதத்தில் உள்ள ரூபல் முகம் ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரம் கொண்டது. உலகின் மிகப் பெரிய மலைமுகங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஆயினும் அது பனியும் பனிக்கட்டியும் பாறையும் கலந்த சரிவே அன்றிச் செங்குத்துச் சுவர் அன்று. ஆகவே பாறையேறுவோர் அதனைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. செங்குத்தானவற்றுள் கிரேட் டிராங்கோ கோபுரத்தின் கிழக்கு முகம் ஏறத்தாழ 1,340 மீட்டரும், தோர் மலையின் மேற்கு முகம் ஏறத்தாழ 1,250 மீட்டரும் கொண்டவை. தோர் மலையின் முகம் சராசரியாக 105 பாகைக் கோணத்தில், அதாவது செங்குத்தையும் கடந்து முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. நூல்களில் இவ்விரண்டும் மாறி மாறி முதலிடம் பெறுவதன் காரணம் அளவுகோலில் உள்ள இவ்வேறுபாடே.

உயரம் இருந்தால் மட்டும் போதாது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காயின் வடகரையில் கடலிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரும் ஓங்கல்கள் உள்ளன. அவை உதிரும் எரிமலைப் பாறையாலும் அடர்ந்த செடிகொடிகளாலும் ஆனவை. அங்கு ஏறுவோர் எவரும் செல்வதில்லை.

பாறையின் தன்மை

பெருஞ்சுவர்கள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. புவியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதே கருங்கல். மேலிருந்த பாறை அடுக்குகள் அரித்துச் செல்லப்பட்ட பின் அழுத்தம் குறையவே, கருங்கல் வெங்காயச் சருகு போன்று ஏடு ஏடாகப் பிரிகிறது. பனியூழிகளில் பள்ளத்தாக்கு வழியே நகர்ந்த பனியாறுகள், பிளவுபட்ட பகுதிகளைப் பெயர்த்து இழுத்துச் சென்றன. பிளவுகள் குறைந்த உறுதியான பாறை மட்டும் சுவராக எஞ்சியது. யோசெமிட்டி, பாஃபின் தீவு, பட்டகோனியா ஆகிய மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்த தோற்றம் கொண்டிருப்பது இதனாலேயே.

கருங்கல்லில் நீண்ட வெடிப்புகள் காணப்படும். விரலையோ கையையோ முழு உடலையோ அவற்றுள் இறுக்கி ஏற முடியும். ஆல்ப்சு மலைத்தொடரின் கிழக்கிலும் மொரோக்கோவிலும் உள்ள சுண்ணாம்புக்கல் ஓங்கல்களில் வெடிப்புகளை விடக் குழிகளும் விளிம்புகளும் மிகுதி. மணற்கல் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால் மழைக்குப் பின் அதில் ஏறுவது ஆபத்தானது.

ஏறும் முறை

இருவர் ஒரு கயிற்றின் இரு முனைகளில் தம்மைப் பிணைத்துக்கொள்வர். ஒருவர் முன்னேறிச் செல்கையில் வழியில் பாறையில் காப்புக் கருவிகளைப் பொருத்திக் கயிற்றை அவற்றினூடாகச் செலுத்துவார். மற்றவர் கீழிருந்து கயிற்றைக் கட்டுப்படுத்துவார். முன்செல்பவர் தவறினால் கடைசியாகப் பொருத்திய கருவி அவரைத் தாங்கும். அதாவது, அக்கருவிக்கு மேல் எவ்வளவு தூரம் சென்றிருந்தாரோ அதைப் போல் இருமடங்குக்குக் குறையாமல் விழுவார். கயிற்றின் நீளத்துக்கு உட்பட்ட இத்தகைய ஒவ்வொரு பகுதியும் ஒரு கயிற்று நீளம் எனப்படும். பெருஞ்சுவர் ஒன்றில் இருபது, முப்பது கயிற்று நீளங்கள் இருப்பது இயல்பு.

ஏற்றம் இரு வகைப்படும். கருவிகளைக் கைப்பிடியாகவும் படியாகவும் கொண்டு அவற்றின் மீது எடையை வைத்து ஏறுவது துணைக்கருவி ஏற்றம். பாறையை மட்டுமே பற்றி ஏறி, கயிற்றையும் கருவிகளையும் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் பயன்படுத்துவது கட்டற்ற ஏற்றம். கட்டற்ற ஏற்றம் என்றால் கயிறில்லா ஏற்றம் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். கயிறே இன்றி ஏறுவது வேறு. அது கட்டற்ற தனியேற்றம் எனப்படும். அதனைச் செய்வோர் மிகச் சிலரே.

பல நாள் ஏற்றங்களில் உணவும் நீரும் துணிகளும் தடித்த பைகளில் இட்டுக் கப்பி கொண்டு மேலே இழுக்கப்படுகின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் நீர் தேவை. சுமையில் பெரும்பகுதி நீரே. உறங்குவதற்கு அலுமினியச் சட்டத்தில் துணி கட்டிய தொங்குமேடை பயன்படுகிறது. மனிதக் கழிவும் மூடிய கலத்தில் இட்டு உடன் கொண்டுசெல்லப்பட வேண்டும். முற்காலத்தில் அது கீழே எறியப்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

காப்புக் கருவிகளின் வளர்ச்சி இவ்விளையாட்டின் போக்கையே மாற்றியது. வெடிப்புகளில் சுத்தியலால் அடித்து இறக்கப்படும் ஆணிக்குப் பிட்டான் என்று பெயர். சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய கொல்லரான ஜான் சலாத்தே, 1940களில் வன்மையான உருக்கால் பிட்டான்கள் செய்தார். மென்மையான பழைய ஆணிகள் கருங்கல்லில் வளைந்துவிடும், இவை வளையவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப அடித்தும் பிடுங்கியும் வந்ததால் பாறையில் ஆறாத வடுக்கள் உண்டாயின. பிட்டான் செய்து விற்றுவந்த இவான் சூனார்டும் டாம் பிராஸ்டும், 1972 இல் தமது விற்பனைப் பட்டியலிலேயே அவற்றைக் கைவிடுமாறு ஏறுவோரைக் கேட்டுக்கொண்டனர். தன் சரக்கையே வாங்காதீர் என்று வணிகர் சொல்வது அரிது. சுத்தியல் இன்றிக் கையால் செருகி எடுக்கும் கருவிகள் அதன் பின்னர் பரவின. 1970களின் பிற்பகுதியில் ரே ஜார்டின் உருவாக்கிய, வெடிப்பினுள் விரிந்து பிடிக்கும் விற்கருவி இவற்றுள் முதன்மையானது.

வட அமெரிக்கா

எல் கேப்பிட்டன்

கலிபோர்னியா மாநிலத்தின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள எல் கேப்பிட்டன், பெருஞ்சுவர் ஏற்றத்தின் தாயகம் எனலாம். இப்பெயருக்கு எசுப்பானிய மொழியில் தலைவன் என்று பொருள். 1851 ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கினுள் நுழைந்த படையினர், அங்கு வாழ்ந்த பழங்குடியினர் வழங்கிய பெயரை மொழிபெயர்த்து இவ்வாறு அழைத்தனர். பாறை மீது உறங்கிய இரு கரடிக்குட்டிகள் பாறை வளர்ந்ததால் உச்சியில் அகப்பட்டுக்கொண்டன என்றும், பெரிய விலங்குகள் யாவும் ஏற முயன்று தோற்றபின் சின்னஞ்சிறு அளக்கும் புழு ஒன்றே மெல்ல ஊர்ந்து உச்சியை அடைந்தது என்றும் மீவோக் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

1957 ஆம் ஆண்டில் அதே பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் டோம் பாறையின் வடமேற்கு முகத்தை ராயல் ராபின்சு, ஜெரி கால்வாஸ், மைக் ஷெரிக் ஆகியோர் ஏறினர். அதே சுவரில் ஏறும் எண்ணம் கொண்டிருந்த வாரன் ஹார்டிங், அதனினும் பெரியதான எல் கேப்பிட்டனின் நடுவே துருத்தி நிற்கும் மூக்கு எனப்படும் முகட்டைத் தேர்ந்துகொண்டார். கயிறுகளைச் சுவரில் நிலையாகக் கட்டிவைத்து, இறங்கி ஓய்வெடுத்து, மீண்டும் ஏறி இன்னும் சற்று உயரம் செல்லும் முற்றுகை முறையை அவர் கையாண்டார். அகன்ற வெடிப்புகளுக்கு ஏற்ற பிட்டான்கள் கிடைக்காதபோது, குப்பையில் கிடந்த அடுப்பின் கால்களை வெட்டி அடித்து இறக்கினர். அவ்வெடிப்பு இன்றும் அடுப்புக்கால் வெடிப்பு என்றே அழைக்கப்படுகிறது. வேடிக்கை பார்க்க வந்தோரின் வண்டிகளால் சாலை அடைபட்டதால், கோடை விடுமுறைக் காலத்தில் ஏறக்கூடாது என்று பூங்கா அதிகாரிகள் கட்டளையிட்டனர். உடன் வந்தோர் பலர் மாறினர். இறுதியில் வேய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர் ஆகியோருடன் ஹார்டிங் 1958 நவம்பர் 12 அன்று விடியற்காலையில் உச்சியை அடைந்தார். முன்சாய்ந்த கடைசிப் பகுதியில் அவர் இரவு முழுவதும் கையால் துளையிட்டு 28 திருகாணிகளைப் பொருத்தினார். மொத்தம் 47 நாள் உழைப்பு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் பரவியிருந்தது.

இதன் பின்னர் எழுந்த கேள்வி, ஏற முடியுமா என்பதன்று. எவ்வாறு ஏறுவது முறை என்பதே. 1960 இல் ராபின்சும் மூவரும் நிலைக்கயிறுகள் இன்றித் தொடர்ச்சியாக ஏழு நாட்களில் அதே வழியில் ஏறினர். 1970 இல் ஹார்டிங்கும் டீன் கால்டுவெலும் கிழக்கே உள்ள விடியற் சுவரில் 27 நாட்கள் தங்கி ஏறினர். புயலில் சிக்கிய அவர்களை மீட்க ஆட்கள் வந்தபோது அவர்கள் உதவியை மறுத்துவிட்டனர். அவர்கள் ஏறத்தாழ 300 துளைகள் இட்டிருந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. திருகாணிகளை அறுத்து எறிந்துவிடும் நோக்குடன் 1971 இல் அவ்வழியில் ஏறத் தொடங்கிய ராபின்சு, சில கயிற்று நீளங்கள் வரை அவ்வாறே செய்தார். மேலே செல்லச் செல்ல, துளையில்லாத பகுதிகளில் ஹார்டிங் குழுவினரின் திறமையைக் கண்டு வெட்டுவதை நிறுத்திவிட்டார். அறுத்தது சரியா, நிறுத்தியது சரியா என்பது இன்றும் விவாதப் பொருள்.

1975 இல் ஜிம் பிரிட்வெல், ஜான் லாங், பில்லி வெஸ்ட்பே ஆகியோர் மூக்கு வழியை ஒரே நாளில் முடித்தனர். கட்டற்ற ஏற்றத்தில், 1988 இல் டாட் ஸ்கின்னரும் பால் பியானாவும் சலாத்தே சுவரை வென்றனர். மூக்கு வழியில் கருவியின் துணையின்றி ஏற இயலாது என்று பலர் கருதியிருந்த காலத்தில், லின் ஹில் என்னும் பெண்மணி 1993 இல் அதனை முதன்முதலாகச் செய்து முடித்தார். அடுத்த ஆண்டிலேயே அதே வழியை 24 மணி நேரத்திற்குள் மீண்டும் ஏறினார். விடியற் சுவர் 2015 சனவரி 14 அன்று டாமி கால்டுவெல், கெவின் ஜார்கிசன் ஆகியோரால் 19 நாட்களில் கட்டற்ற முறையில் ஏறப்பட்டது. பதினைந்தாம் கயிற்று நீளத்தில் ஜார்கிசன் நாட்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தார். கடினப் பகுதிகளைக் கடந்துவிட்ட கால்டுவெல் தனியே உச்சிக்குச் செல்லாமல் அவருக்காகக் காத்திருந்தார். கால்டுவெல் 2001 இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் இடக்கைச் சுட்டுவிரலின் ஒரு பகுதியை இழந்தவர். முந்தைய டீன் கால்டுவெலுக்கும் இவருக்கும் உறவு இல்லை.

2017 சூன் 3 அன்று அலெக்ஸ் ஹானால்டு கயிறோ காப்போ இன்றித் தனியாக ஃபிரீரைடர் வழியில் 3 மணி 56 நிமிடத்தில் உச்சியை அடைந்தார். இதனைப் பற்றிய ஃபிரீ சோலோ ஆவணப்படம் 2019 இல் ஆஸ்கர் விருது பெற்றது. 2018 இல் ஹானால்டும் டாமி கால்டுவெலும் மூக்கு வழியை 1 மணி 58 நிமிடம் 7 நொடியில் ஏறினர். ஹார்டிங்குக்கு 47 நாள் ஆன வழி அது. இச்சாதனைகளைக் கண்டு சுவர் எளிதாகிவிட்டது என்று கொள்ளலாகாது. எல் கேப்பிட்டனில் இதுவரை முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். அவர்களுள் தேர்ந்த ஏறுநர்களும் உண்டு. 2021 முதல் சுவரில் இரவு தங்குவோர் அனுமதிச் சீட்டு பெற வேண்டும்.

பாஃபின் தீவு

கனடாவின் நூனவுட் ஆட்சிப்பகுதியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் உள்ளன பாஃபின் தீவின் ஓங்கல்கள். 1,675 மீட்டர் உயரமுள்ள தோர் மலை ஔயுயிட்டுக் தேசியப் பூங்காவில் அமைந்துள்ளது. இதன் மேற்கு முகத்தை 1985 இல் நான்கு அமெரிக்கர் 33 நாட்களில் முதன்முதலாக ஏறினர். தீவின் வடகிழக்கே சாம் ஃபோர்டு கடல்நுழைவழியில் போலார் சன் ஸ்பையர் முதலிய பெருஞ்சுவர்கள் கடலிலிருந்தே எழுகின்றன. இளவேனிலில் கடல் உறைந்திருக்கும்போது பனிவண்டியில் சென்று சுவரின் அடியில் இறங்குவது வழக்கம். குளிரும் வெண்கரடிகளும் மீட்புதவியின்மையும் சேர்ந்து, இங்கு செல்வோரின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்துள்ளன.

ஐரோப்பா

நோர்வேயின் ரும்ஸ்தால் பள்ளத்தாக்கில் உள்ள துரோல் சுவர், ஐரோப்பாவின் மிக உயரமான செங்குத்துப் பாறைமுகம் எனப்படுகிறது. அடியிலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரும் இது நைசு என்னும் உருமாறிய பாறையால் ஆனது. மிகவும் சாய்ந்த பகுதியில் உச்சி விளிம்பு அடியை விட ஏறத்தாழ 50 மீட்டர் முன்தள்ளி நிற்கிறது. ஏறவே முடியாதது என்று கருதப்பட்ட இச்சுவரை 1965 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரே சமயத்தில் இரு குழுக்கள் வெவ்வேறு வழிகளில் முயன்றன. நோர்வேயரின் குழு, பிரித்தானியரின் குழுவை ஒரு நாள் முந்தியது. இரு குழுவினரும் நட்புடனேயே இருந்தனர். பிரித்தானியர் வழியே பின்னாளில் மிகுதியாக ஏறப்பட்டது. ஆனால் 1998 செப்டம்பரில் நிகழ்ந்த பெரும் பாறைச் சரிவு பல வழிகளின் தன்மையை மாற்றிவிட்டது. உச்சியிலிருந்து வான்குடையுடன் குதிக்கும் விளையாட்டும் இங்குப் பரவியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் கார்ல் போனிஷ் 1984 இல் இங்கேயே உயிரிழந்தார். 1986 முதல் இச்சுவரிலிருந்து குதிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. ஏறுவதற்குத் தடை இல்லை.

ஆல்ப்சு மலைத்தொடரில் ஐகர் மலையின் வடமுகம் 1,800 மீட்டர் உயரம் கொண்டது. பனியும் சுண்ணாம்புப் பாறையும் கலந்திருப்பதால் இது தூய பாறைச்சுவர் அன்று. ஆனால் இம்முகத்தில் நிகழ்ந்தவற்றைக் குறிப்பிடாமல் ஓங்கல்களின் வரலாறு முழுமை பெறாது. 1936 சூலையில் ஏறிய நால்வருள் மூவர் இறந்துபோக, டோனி குர்ட்சு மட்டும் உயிருடன் கயிற்றில் தொங்கினார். மலையினுள் செல்லும் தொடர்வண்டிச் சுரங்கத்தின் திறப்பு வழியே மீட்போர் அவருக்கு மிக அருகே வந்துவிட்டனர். அவர் இறங்கி வருகையில், இரு கயிறுகளை இணைத்த முடிச்சு கொக்கி வளையத்தில் சிக்கிக்கொண்டது. உறைந்த கையால் அம்முடிச்சைக் கடத்த இயலாமல், மீட்போர் கைக்கு எட்டும் தொலைவுக்குச் சற்று மேலே அவர் உயிர் நீத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 இல் எக்மையர், ஃபோர்க், ஹாரர், காஸ்பரெக் ஆகியோர் இம்முகத்தை வென்றனர்.

இத்தாலியின் டாலமைட் மலைகளில் மர்மொலாடாவின் தென்முகத்தை 1901 இலேயே பியாட்ரிஸ் டாமசன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, இரு வழிகாட்டிகளுடன் ஏறினார். அக்காலத்தில் ஆல்ப்சின் மிக நீண்ட கடினமான பாறையேற்றங்களுள் ஒன்று அது. சிவெட்டாவின் வடமேற்குச் சுவரில் 1925 இல் செருமானியரான சோலெடரும் லெட்டன்பவரும் ஏறிய வழி, ஆறாம் தரக் கடினம் என்னும் அளவுக்கு நெடுங்காலம் எடுத்துக்காட்டாக விளங்கியது.

ஆசியா

டிராங்கோ கோபுரங்கள் பாகிஸ்தானின் கில்கித்-பால்திஸ்தான் பகுதியில், பால்டோரோ பனியாற்றின் வடக்கே உள்ளன. இவற்றுள் உயரமான கிரேட் டிராங்கோ 6,286 மீட்டரும், பெயரற்ற கோபுரம் என வழங்கப்படும் டிராங்கோ கோபுரம் 6,239 மீட்டரும் கொண்டவை. எல் கேப்பிட்டனில் உள்ள கடினம் அனைத்தும் இங்கும் உண்டு. கூடவே மெல்லிய காற்றும் உறைகுளிரும் புயலும் சேர்ந்துகொள்கின்றன. 1975 இல் பெயரற்ற கோபுரத்தில் முன்னேறிக்கொண்டிருந்த மார்ட்டின் பாய்சனின் முழங்கால் வெடிப்பொன்றில் இறுகிவிட்டது. பல மணி நேரம் அகப்பட்டிருந்த அவர், கால்சட்டைத் துணியைக் கிழித்தறுத்தே மீண்டார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து, ஜோ பிரவுன், மோ ஆந்தாயின், மால்கம் ஹவல்சு ஆகியோருடன் உச்சியை எட்டினார். கிரேட் டிராங்கோ 1977 இல் அமெரிக்கக் குழுவால் முதன்முதலாக ஏறப்பட்டது. எனினும் அவர்கள் சென்றது பெருஞ்சுவர் வழியாக அன்று.

கிழக்குப் பெருஞ்சுவரை 1984 இல் நான்கு நோர்வேயர் முயன்றனர். பல நாட்களுக்குப் பின் உணவு நால்வருக்கும் போதாது என்று தெரிந்தபோது, இருவர் இறங்கிவிட, ஹான்ஸ் கிறிஸ்தியன் தூசெத்தும் ஃபின் தேலியும் மேலே சென்றனர். அவர்கள் உச்சியை அடைந்தது கீழிருந்து காணப்பட்டது. இறங்கும் வழியில் இருவரும் மாண்டனர். 1992 இல் ஜான் மிடன்டார்ஃப், சேவியர் போங்கார்டு இருவரும் வேறொரு வழியில் இம்முகத்தை ஏறி உயிருடன் இறங்கினர். உலகின் மிகப் பெரிய பாறைச்சுவரில் ஏறித் திரும்பியோர் என்ற முறையில் இதனைப் பலர் ஒரு மைல்கல்லாகக் கொள்கின்றனர். ஆயினும் நோர்வேயரின் ஏற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது நியாயமாகாது. பெயரற்ற கோபுரத்தில் 1989 இல் வகுக்கப்பட்ட அணையாச் சுடர் என்னும் வழி, 2009 இல் செருமானியரான ஹூபர் உடன்பிறந்தாரால் முழுவதும் கட்டற்ற முறையில் ஏறப்பட்டது.

இந்தியாவில் உத்தராகண்டின் கங்கோத்ரிப் பகுதியில் உள்ள மேரு மலையின் நடுச்சிகரத்தில் சுறாத்துடுப்பு எனப்படும் கருங்கல் முகடு, பல குழுக்களைத் திருப்பி அனுப்பியது. கான்ராடு ஆங்கர், ஜிம்மி சின், ரெனன் ஓஸ்டர்க் ஆகியோர் 2008 இல் உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே திரும்ப நேர்ந்தது. 2011 இல் அவர்களே அதனை முடித்தனர். மகாராட்டிரத்தில் அரிச்சந்திரகட் கோட்டையருகே உள்ள கொங்கண் கடா, உட்குழிந்து முன்சாய்ந்த எரிமலைப் பாறை ஓங்கல். மழைக்காலத்தில் இங்குக் கீழிருக்கும் மேகத்தில் வட்ட வடிவில் வானவில் தோன்றுவதுண்டு. கருநாடகத்தில் பெங்களூருக்கு மேற்கே உள்ள சாவன்துர்க்கம் ஒற்றைக் கருங்கற் குன்று. அது செங்குத்து அன்று; பிடிமானம் குறைந்த சரிவுப் பாறையில் காலின் உராய்வை நம்பி நீண்ட தூரம் ஏற வேண்டும்.

கிர்கிசுத்தானின் கராவ்ஷின், அக்சு பள்ளத்தாக்குகளில் சோவியத் காலம் முதலே ஏறுவோர் சென்று வந்தனர். 2000 ஆகத்தில் இங்குச் சுவரில் தொங்குமேடையில் உறங்கிக்கொண்டிருந்த நான்கு அமெரிக்கரை ஆயுதமேந்தியோர் சுட்டு எச்சரித்து இறங்கச் செய்து, ஆறு நாட்கள் பிணையாக வைத்திருந்தனர். மேலே கூறப்பட்ட டாமி கால்டுவெல் அந்நால்வருள் ஒருவர்.

தென் அமெரிக்கா

பட்டகோனியாவில் உள்ள செர்ரோ டோர்ரே (3,128 மீட்டர்) பாறையேற்ற வரலாற்றின் தீராத வழக்கு எனலாம். 1959 இல் டோனி எக்கருடன் உச்சியை அடைந்ததாக இத்தாலியரான செசாரே மாஸ்திரி கூறினார். இறங்குகையில் எக்கர் பனிச்சரிவில் மாண்டார். நிழற்படக் கருவியும் அவருடன் போயிற்று. ஐயங்கள் எழவே, மாஸ்திரி 1970 இல் எரிபொருளால் இயங்கும் காற்றழுத்த இயந்திரத்தைச் சுவரில் ஏற்றிச் சென்று, தென்கிழக்கு முகட்டில் நூற்றுக்கணக்கான திருகாணிகளை இறக்கினார். உச்சியில் உள்ள பனிக்குமிழ் மலையின் பகுதியன்று என்று கூறி அதற்குக் கீழேயே திரும்பினார். ஐயத்துக்கு இடமற்ற முதல் ஏற்றம் 1974 இல் காசிமிரோ ஃபெர்ராரி தலைமையிலான இத்தாலியக் குழுவினுடையது. 2012 சனவரியில் ஹேடன் கென்னடி, ஜேசன் குருக் என்னும் இரு இளைஞர் அம்முகட்டில் ஏறி, இறங்கும்போது ஏறத்தாழ 120 திருகாணிகளை அகற்றினர். நாற்பது ஆண்டுகளாகப் பலர் பயன்படுத்திய வழியை இருவர் அழிக்கலாமா என்று ஒரு சாராரும், மாஸ்திரி இழைத்த தவறு திருத்தப்பட்டது என்று மறு சாராரும் வாதிட்டனர். அடுத்த சில நாட்களிலேயே ஆஸ்திரியரான தாவிது லாமா அம்முகட்டைக் கட்டற்ற முறையில் ஏறினார்.

சிலி நாட்டின் டோரஸ் டெல் பைனே பகுதியில் உள்ள மூன்று கருங்கற் கோபுரங்களுள் நடுக்கோபுரத்தை 1963 இல் கிறிஸ் பானிங்டனும் டான் வில்லன்சும் முதலில் ஏறினர். வெனிசுவேலாவில் 979 மீட்டர் உயரமுள்ள ஏஞ்சல் அருவியின் அருகே உள்ள மணற்கல் சுவர் 1971 இல் ஏறப்பட்டது. அடியை அடைவதற்கே அடர்காட்டினூடு படகிலும் நடந்தும் செல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவும் மேற்கு ஆசியாவும்

மடகாஸ்கரின் சாரனோரோ கருங்கற்சுவர் ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் கொண்டது. 1999 இல் லின் ஹில் உள்ளிட்ட நான்கு பெண்கள் இங்கு ஒரு புதிய வழியை வகுத்தனர். மொரோக்கோவின் தாகியா சிற்றூரைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக்கல் ஓங்கல்களும் ஏறக்குறைய இதே உயரத்தன. மாலி நாட்டின் ஹொம்போரி அருகே உள்ள பாத்திமாவின் கை எனப்படும் மணற்கல் கோபுரங்கள் ஒரு காலத்தில் பலரை ஈர்த்தன. 2012 இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பின் அங்குச் செல்வது அரிதாகிவிட்டது. யோர்தானின் வாடி ரம் பாலைவன ஓங்கல்களை 1984 முதல் ஆராய்ந்து வெளியுலகுக்கு அறிவித்தவர், 1965 இல் துரோல் சுவரை ஏறிய பிரித்தானியருள் ஒருவரான டோனி ஹோவர்டு. ஆனால் அவருக்கு நெடுங்காலம் முன்பே அங்குள்ள பெதுவின் வேட்டைக்காரர் காட்டாடுகளைத் தேடிக் கயிறின்றி அப்பாறைகளில் ஏறி இறங்கினர்.

ஓசியானியாவும் அண்டார்க்டிக்காவும்

ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவுக்குத் தென்கிழக்கே கடலிலிருந்து தனித்து எழும் பால்ஸ் பிரமிடு, 550 மீட்டருக்கு மேற்பட்ட எரிமலை எச்சம். உலகின் மிக உயரமான கடற்பாறைத் தூண் இதுவே. 1965 இல் சிட்னியைச் சேர்ந்த ஏறுநர் குழு இதன் உச்சியை எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு முயன்றவர்கள், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட லார்டு ஹோவ் குச்சிப்பூச்சியின் உயிரற்ற உடலொன்றை இப்பாறையில் கண்டனர். 2001 இல் அறிவியலாளர் இரவில் ஏறித் தேடி, ஒரே ஒரு புதரின் அடியில் உயிருள்ள பூச்சிகளைக் கண்டறிந்தனர். மெல்பேர்ண் விலங்கியல் பூங்காவில் இப்போது இவ்வினம் வளர்க்கப்படுகிறது.

அண்டார்க்டிக்காவின் குயீன் மாட் நிலத்தில் பனிப்பரப்பைத் துளைத்துக்கொண்டு நிற்கும் கருங்கற் கூர்முனைகளுள் உல்வெதன்னா (2,931 மீட்டர்) உயரமானது. நோர்வே மொழியில் இதற்கு ஓநாய்ப்பல் என்று பொருள். 1994 இல் நோர்வேயர் மூவர் இதனை முதன்முதலாக ஏறினர்.

பாறைச் சரிவுகள்

ஓங்கல்கள் நிலையானவை போன்று தோன்றினும் ஓயாது உதிர்ந்துகொண்டே இருப்பவை. உயர்மலைகளில் வெடிப்புகளினுள் உறைந்த பனிக்கட்டி பாறையைச் சாந்து போலப் பிணைத்து வைத்துள்ளது. வெப்பம் மிகும்போது அது உருகப் பாறை பெயர்கிறது. பிரான்சின் சமோனி அருகே உள்ள துரு சிகரத்தின் தென்மேற்குத் தூணை வால்டர் பொனாட்டி 1955 இல் தனியாக ஆறு நாட்களில் ஏறினார். அவர் பெயரால் வழங்கிவந்த அத்தூண் 2005 சூனில் பெருமளவு சரிந்து விழுந்தது. வெளிர் நிறத்தில் தெரியும் அவ்வடுவைப் பள்ளத்தாக்கிலிருந்தே காணலாம். எல் கேப்பிட்டனிலும் 2017 செப்டம்பரில் பெரிய ஏடொன்று பெயர்ந்து, அடிவாரத்தில் இருந்த ஏறுநர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் அதனினும் பெரிய சரிவு ஏற்பட்டது. யோசெமிட்டியில் வல்லூறுகள் கூடு கட்டும் இளவேனில், முன்கோடைக் காலத்தில் சில ஓங்கற்பகுதிகள் ஏறுவோருக்கு மூடப்பட்டு, குஞ்சுகள் பறந்த பின்னரே திறக்கப்படுகின்றன.